வெயில் ஊரில் கார் பேட்டரி

மதுரைப் பக்கம் ஓடும் கார்களுக்கு மூன்றாவது அல்லது நான்காவது ஆண்டில் பேட்டரி மாற்றும் வேளை வந்துவிடுவது வழக்கம். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் மட்டும் வரும், செல்ஃப் எடுக்காது. காருடன் வந்த பேட்டரிக்குப் பதிலாக வெளிக்கடையில் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்வதே பெரும்பாலானோர் செய்வது. அதில் குறையொன்றும் இல்லை. எக்ஸைடு, அமரான் போன்ற பெயர்களில் கடையில் விற்கும் பேட்டரிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களே கார் தொழிற்சாலைகளுக்கும் பேட்டரி கொடுக்கின்றன. எக்ஸைடுக்கு ஓசூரில் ஆலை இருக்கிறது. அமரானைத் தயாரிக்கும் அமர ராஜா திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் வளர்ந்த நிறுவனம். ‘வெளிக்கடைப் பேட்டரி சீக்கிரம் போய்விட்டது’ என்று குறைப்படுகிறவர்களின் கார்களைத் திறந்து பார்த்தால், பல நேரம் பழுது பேட்டரியில் இருக்காது. காருக்குப் பொருந்தாத அளவு, இறுகாத டெர்மினல், சோதித்துப் பார்க்காத டைனமோ ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

பேட்டரியின் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகள், தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். பாசிட்டிவ் தகட்டில் ஈய டை ஆக்சைடு, நெகட்டிவ் தகட்டில் பஞ்சு போன்ற ஈயம். ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறையும் தொடராக இணைப்பதால் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் கிடைக்கிறது. மின்சாரத்தை எடுக்க எடுக்க இரண்டு வகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். பிரான்சைச் சேர்ந்த காஸ்தோன் பிளாந்தே 1859-இல் கண்டுபிடித்ததும் இதைத்தான். அதே நாட்டின் கமீல் ஃபோர் 1881-இல் தகட்டின் மேல் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். பேட்டரி கடைச் சரக்கானது அதற்குப் பிறகுதான். இறங்கிய பேட்டரியை நாள்கணக்கில் அப்படியே விட்டுவைத்தால் தகட்டில் படிந்த சல்பேட் கெட்டியான படிகமாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது கரையாது. மெக்கானிக்குகள் ‘பேட்டரி சார்ஜ் பிடிக்கலை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தம் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்டு 1911. அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளைக் கிளப்ப, முன்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகி ஆள் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். அதற்கு மறு ஆண்டு, 1912-இல், அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்தது. கையின் வேலையைப் பேட்டரி எடுத்துக்கொண்டது. இன்றும் அதன் முதல் வேலை அதுதான்: ஓரிரு நொடிக்கு நூறு, இருநூறு ஆம்பியர் மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுத்து எஞ்சினைச் சுழற்றுவது. வியப்பு என்னவென்றால், அந்த ஓரிரு நொடியில் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு. 150 ஆம்பியர் வீதம் இரண்டு நொடி எடுத்தாலும் மொத்தச் செலவு 0.1 ஆம்பியர்-மணிகூட ஆகாது. நல்ல டைனமோ அதைச் சில நிமிடங்களில் திருப்பி ஏற்றிவிடும். (ஆல்டர்னேட்டர் வந்து பல காலம் ஆனபிறகும் நம் பட்டறைகளில் அதற்கு டைனமோ என்றே பெயர்.) அப்படியானால் பேட்டரி எதனால் சாகிறது?

முதல் காரணம் சூடு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழைய கணக்கு. பேட்டரிக்குள் நடக்க வேண்டிய வினைகளோடு, நடக்கக் கூடாத வினைகளும் அதே வேகத்தில் நடக்கும். பாசிட்டிவ் தகட்டின் ஈயச் சட்டகம் அரிக்கும், தண்ணீர் ஆவியாகும், சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும். கத்திரி வெயிலில் மதுரையின் நிழல் வெப்பமே 40 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் மாட்டுத்தாவணியில் வெட்டவெளியில் நிறுத்திய காரின் பானெட்டுக்குள், எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் உள்ளே அரித்துப்போன பேட்டரி அப்போதே நின்றுவிடும் என்றும் இல்லை. எஞ்சின் ஆயில் சற்றே கெட்டிப்படும் மார்கழிக் காலையில்தான் பல பேட்டரிகள் கையை விரிக்கும். உரிமையாளர் பனியைக் குறை சொல்வார். சேதத்தைச் செய்தது சித்திரை வெயில்.

இரண்டாவது காரணம், கார் ஓடும் விதம். கோரிப்பாளையத்திலிருந்து மாசி வீதிகளுக்குப் போய் வரும் கார், சிக்னலிலும் நெரிசலிலும் ஏசியைப் போட்டபடி நின்று நின்று நகர்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டைனமோ தரும் மின்சாரம் குறைவு; ஏசி ஃபேன், ஹெட்லைட், ஸ்டீரியோ எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிட, பேட்டரிக்கு மிச்சம் வருவது சொற்பம். நாள்தோறும் திருமங்கலத்திலிருந்து விருதுநகருக்கு நான்குவழிச் சாலையில் போய்வரும் காருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, ஓடாத கார். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும் கார்கள் நிறைய உண்டு. நிறுத்திவைத்த காரிலும் கடிகாரம், அலாரம், கணினிப் பெட்டி ஆகியவை கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு என்று கொள்வார்கள். அந்த அளவு எடுத்தாலே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்தில் 36. சிறிய காரின் பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். இதற்கு மேல் டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி என்று வெளியில் பொருத்தியவை இருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. இப்படி முழுதாக இறங்கிய பேட்டரியில் சல்பேட் கெட்டிப்படும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுவது இதற்கு மருந்து. வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் எஞ்சினை உறுமவிடுவதால் பயன் இல்லை.

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரியை மாற்ற ஓடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது டெர்மினல். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்துப்போயிருந்தால், அல்லது கிளாம்ப் கையால் ஆட்டினால் ஆடினால், சுத்தம் செய்து முடுக்கினாலே கார் கிளம்பிவிடலாம். அடுத்து ஒரு மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. ஆனால் இந்த ஓய்வு அளவு ஆளை ஏமாற்றும். தகடு அரித்துப்போன பேட்டரிகூட சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், பாரம் ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும். எனவே ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். சுழலும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், அதுவும் முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகும் விழுந்தால், பேட்டரியின் காலம் முடிந்தது. பேட்டரியின் மேல் உள்ள பச்சைக் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. அது ஆறு அறைகளில் ஒன்றின் அமிலத்தை மட்டுமே காட்டுகிறது. மற்ற ஐந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

மாற்றுவது என்று முடிவானால், எந்தப் பேட்டரி என்ற கேள்விக்குப் பழைய பேட்டரியின் மேலேயே விடை எழுதியிருக்கிறது. ஜப்பானிய முறைக் குறியீடு 38பி20எல் என்பதுபோல இருக்கும். 38 என்பது திறன் வரிசை. ‘பி’ என்பது அகலமும் உயரமும் சேர்ந்த வகை. 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்தான ‘எல்’ முனைகள் அமைந்த பக்கத்தைச் சொல்கிறது: முனைகள் உங்களுக்கு அருகில் இருக்கும்படி நின்று பார்த்தால் நெகட்டிவ் இடப்பக்கம். ‘ஆர்’ என்றால் வலப்பக்கம். இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால் கார் ஒயர் முனையை எட்டாது. இழுத்துப் பிடித்து மாட்டினால் ஒயர் விண்ணென்று நின்று நாளடைவில் பிய்ந்துவிடும். ஐரோப்பிய முறையில் டின் 44, டின் 60 என்று சொல்கிறார்கள். அந்த எண் ஆம்பியர்-மணியைக் குறிக்கும். இவை ஜப்பானிய வகையைவிடக் குட்டையானவை. அடிப்பக்க விளிம்பில் கட்டையை வைத்து இறுக்குவார்கள். ஜப்பானிய வகைக்கு மேலே குறுக்குப் பட்டையும் இரண்டு கொக்கிக் கம்பிகளும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை உட்காரவைத்தால் கிளாம்ப் பிடிக்காது. பிடிக்காத பேட்டரி ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கும், உள்ளே தகட்டின் பசை உதிரும். உயரமான பேட்டரியாக இருந்தால் பாசிட்டிவ் முனை பானெட்டின் இரும்பில் முட்டித் தீப்பிடிக்கவும் வழி உண்டு.

ஆம்பியர்-மணியைக் கார் கையேடு சொல்லும் அளவுக்குக் கீழே குறைக்கவே கூடாது. அதே பெட்டியளவில் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தால் எடுக்கலாம். டைனமோவுக்கு அதனால் கேடில்லை. கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சிசிஏ என்ற எண்ணுக்கு இங்கே பெரிய மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் பேட்டரி எவ்வளவு மின்சாரத்தை 30 நொடி கொடுக்கும் என்பதே அந்த அளவு. பனி பொழியும் நாட்டுக்காரனுக்கு அது உயிர். மதுரைக்காரருக்குச் சூட்டைத் தாங்கும் பேட்டரியும், டைனமோ உதவாத நேரத்தில் எத்தனை நிமிடம் ஓட்டும் என்ற கணக்கும்தான் முக்கியம். ஒரு விதிவிலக்கு கட்டாயம்: சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானே அணைந்து, கிளட்சை மிதித்ததும் கிளம்பும் வகைக் கார்களுக்கு இஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரிதான் போட வேண்டும். விலை அதிகம் என்று சாதா பேட்டரியைப் போட்டால் விரைவிலேயே போய்விடும். ஏஜிஎம் வந்த காருக்கு மீண்டும் ஏஜிஎம்தான்.

கடையில் பேட்டரியைக் கையில் வாங்குமுன் அதில் பொறித்த தயாரிப்பு மாதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடை அலமாரியிலேயே பல மாதம் வெந்த பேட்டரி புதுப் பேட்டரி ஆகாது. கடைக்காரரின் மீட்டரிலேயே வோல்ட் பார்க்கச் சொல்லலாம், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றித் தரச் சொல்ல வேண்டும். வாரண்டியை ‘24+24’ என்பதுபோல எழுதுவார்கள். முதல் 24 மாதத்தில் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் புதியதன் விலையில் ஒரு பங்கு கழிவு மட்டுமே கிடைக்கும். ‘நாலு வருஷ வாரண்டி’ என்று வாய்ப்பேச்சில் கேட்டு வருகிறவர்கள் ஏமாறுவது இந்தக் கூட்டல் குறியில்தான். டாக்சிக்கு ஓடும் வண்டிக்கு வாரண்டி காலம் குறைவாக இருப்பது வழக்கம். அட்டையில் வண்டி எண், பேட்டரியின் வரிசை எண், தேதி, கடை முத்திரை நான்கும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தும் வேலைக்குப் பல கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் ஒன்றே போதும். ஆனால் வரிசை மாறக் கூடாது. சாவியை எடுத்துவிட்டு, கையில் உள்ள மோதிரம், காப்பு, உலோகப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பாசிட்டிவ் முனைக்கும் கார் உடம்புக்கும் நடுவில் தங்க மோதிரம் சிக்கினால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. சுடாது என்று அதற்குப் பொருள் இல்லை.

முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ். காரின் இரும்பு உடம்பு முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது; மெக்கானிக்குகள் அதை எர்த் என்பார்கள். எர்த்தை எடுக்காமல் பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்தால், ஸ்பேனரின் மறுமுனை பானெட் ஓரத்திலோ எஞ்சினிலோ பட்டதும் முழு மின்சாரமும் அதன் வழியே பாயும். பொறி பறக்கும். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் அந்தப் பொறியில் பேட்டரியே வெடித்து அமிலம் முகத்தில் தெறித்த விபத்துகள் உண்டு. எர்த்தைக் கழற்றி ஒயரை ஓரமாக ஒதுக்கிவிட்டால், பிறகு பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் கார் உடம்பில் எங்கே பட்டாலும் ஒன்றும் ஆகாது. புதியதைப் பொருத்தும்போது இதற்கு நேர் எதிர்: முதலில் பாசிட்டிவ், கடைசியாக நெகட்டிவ். மதுரையில் ஒரு பட்டறைப் பையனுக்கு முதல் நாள் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான். பொறி தெறித்து அமிலம் கண்ணில் பட்டுவிட்டால், முதலில் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது அதற்குப் பிறகு. 1976 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் என்றாலும், அந்த முதல் 15 நிமிடத்தை எந்த மருத்துவரும் பின்னால் ஈடுசெய்ய முடியாது.

பழைய பேட்டரியை நிமிர்ந்தபடியே தூக்க வேண்டும். சிறியதே 9, 10 கிலோ இருக்கும். டீசல் காருடையது 15 கிலோவைத் தாண்டும். அது இருந்த தட்டில் அமிலக் கறை படிந்திருந்தால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்து அடங்கும். கழுவித் துடைத்துக் காயவிட்டால் போதும். சில கார்களில் பேட்டரியைச் சுற்றி ஒரு கறுப்பு உறை இருக்கும். வெறும் அலங்காரம் என்று எண்ணிப் பட்டறைகளில் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எஞ்சின் சூட்டிலிருந்து பேட்டரியைக் காக்கவே கார் கம்பெனி அதை வைத்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் அதை மறக்காமல் திரும்பப் போட வேண்டும். பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும் கார்களில், வாயுவை வெளியே கொண்டுபோகும் சிறு குழாயையும் மறக்காமல் மாட்ட வேண்டும்.

பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடச் சற்றுத் தடித்திருக்கும். ஒயர் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வார்க்கிறார்கள். கிளாம்ப் நுழையவில்லை என்றால் மாற்றி மாட்டுகிறோமா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கினால் உள்ளே தகட்டின் இணைப்பு விரிசல் விடும். தலைகீழாக மாட்டிவிட்டால் டைனமோவின் டையோடும் கணினிப் பெட்டியும் அந்த நொடியே போகும். புதுப் பேட்டரியின் விலையைப்போலப் பல மடங்கு செலவு. இறுக்கிய பின் இரண்டு முனைகளிலும் வாசலின் தடவினால் மறுபடி பூக்காது. இறுக்குமுன் தடவக் கூடாது.

எஞ்சினைக் கிளப்பியதும் வேலை முடிந்துவிட்டதென்று பானெட்டை மூடிவிடுவது பரவலான தவறு. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டர் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழே என்றால் டைனமோவோ பெல்ட்டோ வேலை செய்யவில்லை. பழைய பேட்டரியைக் கொன்றதும் அதுவாகவே இருக்கலாம், புதியதையும் கொல்லும். 15-ஐத் தாண்டினால் பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். பேட்டரியின் தேவையைப் பார்த்து டைனமோவைக் கணினி கட்டுப்படுத்தும் புதுக் கார்களில் இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும். நெகட்டிவ் கிளாம்பில் சென்சார் உள்ள கார்களில் அதை நெம்பிக் கழற்றக் கூடாது. சில ஐரோப்பியக் கார்களில் புதுப் பேட்டரி போட்ட செய்தியை ஸ்கேனர் மூலம் கணினிக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அது கிழப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதுபோலவே ஏற்றிக்கொண்டிருக்கும். கடிகாரமும் கண்ணாடி ஏற்றி இறக்கும் பொத்தானும் புதிதாக அமைக்கப்பட வேண்டியிருக்கலாம். அது பழுது அல்ல.

மூடி திறக்கும் வகைப் பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. நம் ஊர்ப் போர் தண்ணீர் வாளியிலேயே வெள்ளையாக உப்புப் படியவிடுகிறது. அதே உப்பு தகட்டிலும் படியும். அமிலத்தை ஊற்றவே கூடாது, ஆவியானது தண்ணீர்தான்.

கடைசியாக, கழற்றி வைத்த பழைய பேட்டரி. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கினால் மீண்டும் பேட்டரித் தகடாகும் என்பதால் அதற்கு நல்ல விலை உண்டு. அந்த விலைக்காகவே கொல்லைப்புறங்களில் பேட்டரியை உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் ஈயத்தை உருக்குகிறவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். மண்ணில் கொட்டியது மழையோடு கண்மாய்க்குப் போகும். புகையாகப் போனது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் இரத்தத்தில் சேரும். உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு இரத்தத்தில் ஈயம் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருப்பதாக யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. முறையற்ற பேட்டரி உருக்கலை அதன் முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. குழந்தையின் மூளையை ஈயம் கெடுத்தால் அதைத் திருப்ப முடியாது.

பழைய பேட்டரியைக் கடை திரும்பப் பெற வேண்டும் என்று இந்திய அரசு 2001-இலேயே விதி செய்தது. அதற்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. பயன்படுத்துகிறவரும் அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். தெருவில் வரும் பழைய இரும்பு வண்டியில் நூறு இருநூறு கூடுதலாகக் கிடைத்தாலும் கொடுத்துவிடாதீர்கள். புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்து, அதற்குக் கழித்த தொகையைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.